துப்பாக்கி தூக்காதவர்களும் சேர்ந்து நடத்திய போர்: பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கம் உண்மையில் என்ன செய்தது?

கேள்வி இதுதான்: "இரண்டாம் உலகப் போரில் பிரான்சை விடுவித்தது அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள்தானே? அப்படியானால் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தின் பங்கு என்ன? சினிமாவில் வருவது போல ரயிலுக்கு வெடி வைத்தது மட்டும்தானா? இல்லை, தோற்றுப்போன மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள போருக்குப் பிறகு ஊதிப் பெருக்கிய கதையா?"

எதிர்ப்பு இயக்கம் தனியாக நின்று பிரான்சை விடுவித்திருக்க முடியாது. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதன் பங்கைத் துப்பாக்கியை வைத்து மட்டும் அளந்தால் பாதிக்கு மேல் கணக்கில் வராமல் போய்விடும். அதில் இருந்தவர்களில் ஏராளமானோர் ஆயுதத்தைத் தொட்டதே இல்லை. பெயின்டர், தபால் ஊழியர், ரயில்வே தொழிலாளி, பாதிரியார், நூலகர், சாயப்பட்டறைப் பையன் என்று சாதாரண மனிதர்கள். தங்களுக்குத் தெரிந்த தொழிலை எதிரிக்கு எதிராகத் திருப்பினார்கள். என் பார்வையில் இயக்கத்தின் பெரிய சாதனைகள் அங்கேதான் இருக்கின்றன. சண்டையில் அல்ல.

முதலில் நிலைமையைப் பார்த்துவிடுவோம். 1940 மே 10 அன்று ஜெர்மனி மேற்கே படையெடுத்தது. ஜூன் 14இல் பாரிஸ் விழுந்தது. முதல் உலகப் போரின் வெர்தான் வீரர் என்று நாடே கொண்டாடிய கிழவர் மார்ஷல் பெத்தேன், ஜூன் 17இல் வானொலியில் சண்டையை நிறுத்த வேண்டும் என்றார். ஜூன் 22இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. வடபகுதியும் அட்லாண்டிக் கரையும் ஜெர்மன் ராணுவத்தின் கையில். தெற்கே விஷி என்ற சிறிய ஊரிலிருந்து பெத்தேனின் அரசு. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் போர்க் கைதிகளாக ஜெர்மனியில் அடைபட்டார்கள். ஆக்கிரமிப்புப் படையைப் பராமரிக்கும் செலவு என்று நாளொன்றுக்கு 40 கோடி பிராங்க் பிரான்சே ஜெர்மனிக்குக் கட்ட வேண்டியிருந்தது. 1942 நவம்பர் 11இல் தெற்குப் பகுதிக்குள்ளும் ஜெர்மன் படை நுழைந்துவிட்டது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தவறவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. எதிர்ப்பு என்றால் அந்நியனை எதிர்ப்பது மட்டும் இல்லை. நாடாளுமன்றமே வாக்களித்து அதிகாரம் கொடுத்த சொந்த அரசை மீறுவது. கதவைத் தட்டிக் கைது செய்ய வந்தவர் பல சமயம் பிரெஞ்சு போலீஸ்காரர்தான். 1943 ஜனவரியில் மிலிஸ் என்ற துணைப்படையை விஷி அரசே அமைத்தது; ஊர்க்காரர்களைக் கொண்டே ஊர்க்காரர்களை வேட்டையாடிய படை அது. பக்கத்து வீட்டுக்காரர் மொட்டைக் கடிதம் போட்டுவிட்டால் கதை முடிந்தது. இந்தச் சூழலில் முதல் ஆண்டு துணிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

லண்டனுக்குப் போய்விட்ட பிரெஞ்சு ஜெனரல் டி கோல், அங்கிருந்து ஜூன் 18 அன்று சண்டையைத் தொடரச் சொல்லி வானொலியில் பேசியதை அன்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அதற்கு ஒரு நாள் முன்பே, ஜூன் 17இல், பிரீவ் என்ற ஊரில் எத்மோன் மிஷ்லே என்ற கத்தோலிக்கர் சரணடையக்கூடாது என்று துண்டுப்பிரசுரம் அச்சடித்து வீடு வீடாகப் போட்டுவிட்டார். நம் பக்கத்திலும் ஒரு சேதி உண்டு. புதுச்சேரியின் ஆளுநர் லூயி போன்வேன் 1940 செப்டம்பரிலேயே பிரெஞ்சிந்தியாவை டி கோல் பக்கம் சேர்த்தார். கடல் கடந்த பகுதிகளில் மிக ஆரம்பத்தில் அந்த முடிவை எடுத்தவற்றில் அதுவும் ஒன்று.

பாரிசில் தொடக்கம் ஓர் அருங்காட்சியகத்தில். மானுடவியல் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் போரிஸ் வில்தே, அனத்தோல் லெவிட்ஸ்கி, நூலகர் இவோன் ஓதோன் ஆகிய மூவரும் 1940 கோடையிலேயே ஒரு வலையமைப்பைப் பின்னத் தொடங்கினார்கள். வில்தேயும் லெவிட்ஸ்கியும் ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். அருங்காட்சியகத்தின் ரோனியோ இயந்திரத்தில் டிசம்பர் 15 அன்று ஒரு ரகசியப் பத்திரிகையின் முதல் இதழை அடித்தார்கள். தப்பி வந்த வீரர்களை எல்லை கடத்தினார்கள், தகவல் சேகரித்தார்கள். ஆனால் உள்ளே புகுந்த ஓர் ஆள் காட்டிக்கொடுத்தான். 1942 பிப்ரவரி 23இல் பாரிசை ஒட்டிய மோன் வலேரியன் கோட்டையில் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இவோன் ஓதோனுக்கு விதித்த மரண தண்டனையை மாற்றி ஜெர்மனியின் முகாமுக்கு அனுப்பினார்கள். அனுபவமே இல்லாத படிப்பாளிகள், தலைமறைவு வேலையின் பாலபாடத்தை உயிரைக் கொடுத்துக் கற்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பத்திரிகை அச்சடிப்பதால் ஒரு டாங்கியாவது நின்றதா என்று கேட்கலாம். நிற்கவில்லை. ஆனால் தனியாகக் குமுறிக்கொண்டிருந்தவனுக்கு, தன்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று காட்டியது அந்தத் தாள்தான். பெரிய இயக்கங்கள் பலவும் ஏதோ ஒரு பத்திரிகையைச் சுற்றியே வளர்ந்தவை. 'தெஃபான்ஸ் த லா ஃபிரான்ஸ்' என்ற இதழை மாணவர்கள் சோர்போன் பல்கலைக்கழகத்தின் நிலவறையிலேயே அச்சடித்தார்கள். 1944 ஜனவரியில் அதன் ஓர் இதழ் 4 லட்சத்து 50 ஆயிரம் பிரதிகள் ஓடியது. தாளும் மையும் ரேஷனில் இருந்த காலம். பையில் பத்துப் பிரதி இருந்தால் சிறை, அதற்கு மேலும் நடக்கலாம்.

சரி, போருக்கு நேரடியாக உதவியது எது? என்னைக் கேட்டால் உளவுத் தகவல்தான் முதலில். 1942 மே மாதம் நார்மண்டியில் கான் நகரில் ஜெர்மனியின் டோட் அமைப்பு தன் அலுவலகச் சுவர்களுக்குப் புதிதாகத் தாள் ஒட்ட ஆள் தேடியது. அட்லாண்டிக் கரை நெடுக காங்கிரீட் அரண் கட்டும் பொறுப்பு அந்த அமைப்பிடம்தான். குறைந்த கூலிக்கு வேலையைப் பிடித்தவர் ரெனே துஷே என்ற பெயின்டர். அதிகாரியின் மேசை மீது வரைபடங்கள் கட்டாகக் கிடந்தன. அதிகாரி திரும்பிய ஒரு கணத்தில் ஒன்றை உருவிச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்குப் பின்னால் செருகினார். அதை அன்றே வெளியே எடுத்துப் போகவில்லை. சில நாள் கழித்து மிச்ச வேலைக்கு வந்தபோதுதான், தாள் சுருள்களோடு சேர்த்துச் சுருட்டி வெளியே கொண்டு போனார். நார்மண்டிக் கரையில் எங்கெங்கே அரண்கள் எழப்போகின்றன என்று காட்டும் வரைபடம் அது. 'கர்னல் ரெமி' என்ற பெயரில் இயங்கிய ஜில்பேர் ரெனோவின் வலையமைப்பு வழியாக லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே கான் நகரில் ரொபேர் துவேன் என்ற சிற்பி இருந்தார். தேவாலயச் சிற்பங்களைப் பழுதுபார்ப்பவர் கோபுரத்தில் ஏறி நின்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அவர் அங்கிருந்து கடற்கரையைப் பார்த்தார். பீரங்கி மேடை, முள்வேலி, கண்காணிப்பு நிலையம் என்று அவரும் அவருடைய ஆட்களும் குறித்துச் சேர்த்த வரைபடம் சுமார் 17 மீட்டர் நீளம் வந்தது. அது லண்டனுக்குப் போன பிறகு அவர் பிடிபட்டார். 1944 ஜூன் 6 அன்று, நேச நாட்டுப் படைகள் அதே கரையில் இறங்கிக்கொண்டிருந்த நாளில், கான் சிறையில் இருந்த அரசியல் கைதிகளைக் கும்பல் கும்பலாக முற்றத்துக்கு அழைத்துப் போய்ச் சுட்டார்கள். அதில் துவேனும் ஒருவர். கரையில் இறங்கிய சிப்பாய்களில் எத்தனை பேர் அந்தச் சிற்பியால் பிழைத்தார்கள் என்று யாராலும் எண்ண முடியாது. ஆனால் இப்படிப்பட்ட வேலையைக் கணக்கில் சேர்க்காமல் நார்மண்டியைப் பேசுவது நியாயமே இல்லை.

துவேன் இருந்தது 'அலியான்ஸ்' என்ற வலையமைப்பில். அதன் தலைவர் மரி-மதலேன் ஃபூர்காத், இரண்டு குழந்தைகளின் தாய். முன்பிருந்த தலைவர் 1941இல் கைதானதும் பொறுப்பை ஏற்றார். சுமார் 3,000 பேர் அந்த வலையில் வேலை செய்தார்கள். ஆளுக்கு ஒரு மிருகத்தின் அல்லது பறவையின் பெயர், அவருடையது முள்ளெலி. அதனால் ஜெர்மானியர்கள் அதற்கு 'நோவாவின் பேழை' என்றே பெயர் வைத்தார்கள். 1944 ஜூலையில் ஏக்ஸ் நகரில் பிடிபட்டபோது, இரவில் உடைகளைக் களைந்து, சிறை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே உடம்பை நுழைத்துத் தப்பியவர் அவர். அந்த வலையில் 400க்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு திரும்பவில்லை. இதே வலைக்குத் தகவல் கொடுத்த ழானி ரூசோ என்ற இளம் மொழிபெயர்ப்பாளர், ஜெர்மன் அதிகாரிகளிடம் ஒன்றும் புரியாதவர் போலப் பேச்சுக் கொடுத்தே அவர்களுடைய பறக்கும் குண்டுகள் பற்றிய விவரத்தைக் கறந்தார்.

சேகரித்த தகவல் லண்டன் போய்ச் சேர வேண்டுமே. அதற்கு ஒயர்லெஸ். சூட்கேஸ் மாதிரி இருக்கும், சுமார் 15 கிலோ எடை. ஏரியல் கம்பியை ஜன்னல் வழியே நீட்டி, சங்கேதத்தில் அனுப்பி, அது முடிவதற்குள் அலையைத் தேடும் ஜெர்மன் வண்டி தெருவுக்குள் வந்துவிடும். இயக்கத்திலேயே ஆபத்தான வேலை இதுதான். பிரிட்டிஷ் ரகசிய அமைப்பு இந்த வேலைக்காகப் பிரான்சுக்கு அனுப்பிய முதல் பெண் நூர் இனாயத் கான். பரோடாவில் பிறந்த சூஃபி இசைக்கலைஞரின் மகள், திப்பு சுல்தான் வம்சம். பாரிசை ஒட்டிய சுரென் என்ற ஊரில் வளர்ந்தவர். மேலே சொன்ன மோன் வலேரியன் கோட்டை அந்த ஊரில்தான் இருக்கிறது. 1943 ஜூனில் இறங்கினார். சில நாட்களிலேயே அவர் சேர வேண்டிய குழுவை ஜெர்மன் ரகசிய போலீசான கெஸ்டபோ சுருட்டிவிட்டது. திரும்பி வந்துவிடச் சொன்னார்கள். தான் போய்விட்டால் பாரிசிலிருந்து பேச ஆளில்லை என்று மறுத்து, வீடு வீடாக மாறி அக்டோபர் வரை தாக்குப்பிடித்தார். 1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவ் முகாமில் கொன்றார்கள். விசாரணையில் தன் கூட்டாளிகளைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

மனிதர்களை ஒளித்து வைத்ததும் எதிர்ப்புதான். சிலர் இதை 'மனிதாபிமானம்' என்று தனியாக ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிசிலும் சுற்றுப்புறத்திலும் பிரெஞ்சு போலீஸ் சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தது. குழந்தைகள் மட்டுமே 4,000 பேருக்கு மேல். குடும்பங்களை வெல் திவ் என்ற சைக்கிள் பந்தய அரங்கில் அடைத்தார்கள். போர் முடிவதற்குள் பிரான்சிலிருந்து சுமார் 76,000 யூதர்களை நாடுகடத்தினார்கள். திரும்பி வந்தவர்கள் சுமார் 2,500 பேர். அப்படியும் பிரான்சில் இருந்த யூதர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் பிழைத்தார்கள் என்றால், அதற்குப் பல காரணங்களில் ஒன்று கள்ள ஆவணம் தயாரித்தவர்களும் கதவைத் திறந்தவர்களும்.

அடோல்ஃபோ கமின்ஸ்கியின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையின் தன்மை அதில் தெளிவாகத் தெரியும். புவெனஸ் ஐரிஸில் 1925இல் பிறந்த யூதப் பையன். நார்மண்டியில் சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு, போகாத கறையைப் போக்குவது எப்படி என்பதில் பைத்தியம். வாரக் கடைசியில் ஒரு பால்பண்ணையிலும் வேலை. அங்கே க்ரீமைச் சோதிக்க மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைப் போடுவார்கள். லாக்டிக் அமிலம் அந்த நீலத்தை வெளுக்க வைத்துவிடும். பாரிசுக்கு வந்தபோது தலைமறைவுக் குழு ஒன்று தவித்துக்கொண்டிருந்தது. அடையாள அட்டைகளில் வாட்டர்மேன் மையால் எழுதிய பெயரை எதைப் போட்டாலும் அழிக்க முடியவில்லை. அந்த மையில் இருப்பது மெத்திலீன் நீலம்தான், லாக்டிக் அமிலத்தைப் போட்டுப் பாருங்கள் என்றார் 18 வயதுப் பையன். அழிந்தது. அன்றிலிருந்து அவர்தான் அந்த ஆய்வகத்தின் மூளை.

ஒருமுறை குழந்தை இல்லங்களில் சோதனை நடக்கப்போகிறது என்று தகவல் வந்தது. 300 குழந்தைகள், மூன்றே நாள். ஆளுக்குப் பிறப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டை என்று சுமார் 900 தாள்கள் தயாராக வேண்டும். ஒரு மணி நேரத்தில் 30 தாள் செய்கிறேன், ஒரு மணி நேரம் தூங்கினால் 30 உயிர் போகும் என்று கணக்குப் போட்டு விழித்தே இருந்ததாகப் பின்னாளில் சொன்னார். இந்த வேலைக்காக அவர் வாழ்நாள் முழுதும் காசு வாங்கவில்லை. 2023இல்தான் இறந்தார்.

தெற்கே மலைப்பகுதியில் லெ ஷாம்போன் என்ற ஊர் மொத்தமாகவே இந்த வேலையில் இறங்கியது. அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட்கள். மதத்துக்காக வேட்டையாடப்பட்ட முன்னோர்களின் நினைவு அந்த ஊரில் மங்கவில்லை. யூதர்களின் பட்டியலைக் கேட்ட அதிகாரியிடம், யூதர் யார் என்று எங்களுக்குத் தெரியாது, மனிதர்களைத்தான் தெரியும் என்று பாஸ்டர் ஆந்த்ரே த்ரோக்மே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அந்த மேட்டுநிலக் கிராமங்களில் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். பண்ணை வீட்டுக்காரர்கள் அதை ஒரு சாதனையாகப் பேசிக்கொண்டதே இல்லை.

இப்போது ஆயுதத்துக்கு வருவோம். சோவியத் யூனியன் மீது ஹிட்லர் படையெடுத்த பிறகு பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுகள் முழு வேகத்தில் இறங்கினார்கள். 1941 ஆகஸ்ட் 21 அன்று பாரிஸின் பார்பேஸ் மெட்ரோ நிலையத்தில் பியேர் ழோர்ழ் ஒரு ஜெர்மன் கடற்படை அதிகாரியைச் சுட்டார். அக்டோபரில் நாந்த் நகரின் ஜெர்மன் தளபதி கொல்லப்பட்டார். அதற்குப் பதிலாக அக்டோபர் 22 அன்று 48 பணயக் கைதிகளைச் சுட்டார்கள். ஷாத்தோபிரியான் ஊரில் விழுந்த 27 பேரில் கீ மோக்கேயும் ஒருவர், வயது 17. இப்போதைக்கு ஜெர்மானியர்களைக் கொல்லாதீர்கள் என்று லண்டனிலிருந்து டி கோலே சொல்ல வேண்டி வந்தது. இந்தத் தாக்குதல்கள் சரியா என்று அன்றைக்கே இயக்கத்துக்குள் கடுமையான சண்டை. எனக்குத் தோன்றுவது: ராணுவக் கணக்கில் பலன் சொற்பம்தான். ஆனால் ஆக்கிரமிப்பு என்பது ஒழுங்கான, மரியாதையான ஏற்பாடு என்ற பொய் அதோடு கிழிந்தது. விலை மிகப் பெரியது. அதைக் கொடுத்தவர்களில் பலர் தாங்கள் கொடுக்கிறோம் என்று ஒப்புக்கொண்டவர்கள் அல்லர். இதை மழுப்பக்கூடாது.

பாரிசில் 1943இல் உண்மையாகவே ஆயுதத்தோடு சண்டையிட்டவர்களில் முக்கியமானவர்கள் வெளிநாட்டவர்கள். ஆர்மீனிய இனப்படுகொலையில் அனாதையான கவிஞர் மிசாக் மனூஷியன் தலைமையில் போலந்து, ஹங்கேரி, ருமேனிய யூதர்கள், இத்தாலியர், ஸ்பானியர். ஜெர்மனிக்கு ஆள் பிடித்து அனுப்பும் பொறுப்பில் இருந்த யூலியுஸ் ரிட்டரை 1943 செப்டம்பரில் தீர்த்துக்கட்டியது இவர்கள் குழு. மாதக்கணக்காகப் பின்தொடர்ந்து இவர்களைப் பிடித்தது பிரெஞ்சு போலீசின் சிறப்புப் பிரிவு. 1944 பிப்ரவரி 21 அன்று 22 பேரைச் சுட்டார்கள்; குழுவின் ஓல்கா பான்சிக்கை ஸ்டுட்கார்ட்டில் மே மாதம் தலைவெட்டிக் கொன்றார்கள். இவர்களில் பத்துப் பேரின் முகங்களைச் சிவப்புச் சுவரொட்டியில் அச்சடித்து, பாருங்கள், உங்களை விடுவிக்க வந்தவர்கள் இந்த அந்நியர்கள் என்று நாஜிகள் ஊரெல்லாம் ஒட்டினார்கள். மனூஷியனோ சாவதற்கு முன் மனைவி மெலினேவுக்கு எழுதிய கடிதத்தில், ஜெர்மன் மக்கள் மீது தனக்கு வெறுப்பில்லை என்றார். நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பான்தியோன் மாளிகைக்கு பிரான்ஸ் இருவரையும் கொண்டுவர 2024 பிப்ரவரி 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மலைகளிலும் காடுகளிலும் இருந்த 'மக்கி' படைகள் வேறு வழியில் உருவானவை. 1943 பிப்ரவரியில் இளைஞர்கள் ஜெர்மன் தொழிற்சாலைகளில் கட்டாய வேலைக்குப் போக வேண்டும் என்று விஷி சட்டம் போட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் ஓடி ஒளிந்தார்கள். அவர்களில் ஒரு பகுதி காட்டுக்குப் போனது. சோறு, செருப்பு, கம்பளி எல்லாம் சுற்றுவட்டாரக் குடியானவர்கள் கொடுத்ததுதான். வானத்திலிருந்து விழும் ஆயுதம் எப்போதும் போதவில்லை. வெர்கோர் மேட்டுநிலத்தில் சுமார் 4,000 பேர் திரண்டு 1944 ஜூலை 3இல் சுதந்திரக் குடியரசே அறிவித்தார்கள். கனரக ஆயுதமும் வான்படை வீரர்களும் வந்து இறங்குவார்கள் என்று நம்பினார்கள். ஜூலை 21 அன்று வாசியூ கிராமத்தில் வந்து இறங்கியவை வீரர்களை ஏற்றிவந்த ஜெர்மன் கிளைடர்கள், அதாவது எஞ்சின் இல்லாத விமானங்கள். 600க்கும் மேற்பட்ட போராளிகளும் சுமார் 200 பொதுமக்களும் மாண்டார்கள். கெரில்லாவுக்கு ஒரே பலம் ஓரிடத்தில் நிற்காததுதான். அதை விட்டுவிட்டுக் கோட்டை கட்டி நின்ற இடங்களிலெல்லாம் இப்படித்தான் முடிந்தது. மார்ச் மாதமே கிளியேர் மலையில் இதே பாடம் கிடைத்திருந்தது. இதில் போராளிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; நம்பிக்கை கொடுத்துவிட்டுக் கைவிட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ரயில்வேயில் நடந்ததுதான் ஆயுத வேலையிலேயே அதிகப் பலன் தந்தது. நார்மண்டித் தரையிறக்கத்துக்காகத் திட்டங்களுக்கு நிறப் பெயர் வைத்திருந்தார்கள்: ரயில் பாதைக்குப் பச்சை, மின்சாரத்துக்கு நீலம், தொலைபேசிக் கம்பிகளுக்கு ஊதா. ஜூன் 5 இரவு பிபிசி வானொலியில் சம்பந்தமில்லாத சில வாக்கியங்களைப் படித்தார்கள். புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்தது. அன்றிரவே நூற்றுக்கணக்கான இடங்களில் தண்டவாளம் பெயர்ந்தது. தெற்கே மோந்தோபான் பகுதியில் 'தாஸ் ரைஷ்' என்ற, நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பைச் சேர்ந்த டாங்கிப் படை நின்றிருந்தது. டாங்கிகளை ஏற்றிப்போக வேண்டிய ரயில் பெட்டிகளின் அச்சு எண்ணெயை டோனி புரூக்ஸ் என்ற பிரிட்டிஷ் முகவரின் குழு முன்கூட்டியே வடித்துவிட்டு, உலோகத்தைத் தேய்க்கும் பொடி கலந்த கிரீஸை வைத்துவிட்டது. பெட்டிகள் நகர்ந்தவுடன் அச்சு பிடித்துக்கொண்டது. டாங்கிகள் சாலையில் ஊர்ந்தன. வழியில் மக்கி தாக்குதல், மக்கியை ஒடுக்கச் சொல்லி மேலிட உத்தரவு, வான்குண்டு. சில நாளில் முடிய வேண்டிய பயணம், படை முழுதும் போர்முனை சேர இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தது. தரையிறங்கிய படைக்கு ஒவ்வொரு நாளும் உயிர்நாடியாக இருந்த நேரம் அது.

ஆனால் அந்தப் படை போகிற வழியில் ஜூன் 9 அன்று துய்ல் நகரில் 99 பேரைத் தெரு விளக்குக் கம்பங்களிலும் மாடிகளிலும் தூக்கிலிட்டது. மறுநாள் ஒரதூர்-சுர்-கிளான் கிராமத்தில் 640க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் அடைத்துத் தீ வைத்தது. அந்தக் கிராமத்துக்கும் மக்கிகளுக்கும் சம்பந்தமே இல்லை. எரிந்த கிராமத்தை அப்படியே நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் ஒரு நூலில் கோத்தவர் ழான் மூலேன். ஷார்த்ர் பகுதியின் மாவட்ட ஆட்சியர் போன்ற பதவியில் இருந்தவர். 1940 ஜூன் 17 அன்று, கறுப்பின செனகல் வீரர்கள் பெண்களையும் குழந்தைகளையும் கொடூரமாகக் கொன்றார்கள் என்ற பொய் அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொல்லி ஜெர்மானியர்கள் அடித்தார்கள். போட்டுவிடுவோமோ என்ற பயத்தில் கண்ணாடித் துண்டால் தன் கழுத்தையே அறுத்துக்கொண்டார். பிழைத்தார். பிறகு லண்டன் போய் டி கோலைப் பார்த்து, 1942 ஜனவரி தொடக்கத்தில் பாராசூட்டில் தெற்கே இறங்கினார். நீஸ் நகரில் ஓவியக் கூடம் ஒன்றைத் திறந்து அதையே போர்வையாக்கினார். இயக்கங்களோ ஒன்றையொன்று நம்பாதவை. கத்தோலிக்கர், சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட், பழைய ராணுவ அதிகாரிகள். ஹென்றி ஃபிரெனே போன்ற தலைவர்கள் டி கோலின் ஆளுக்குக் கட்டுப்படுவதா என்று முறைத்தார்கள். பணம், ஆயுதம், பொறுமை எல்லாவற்றையும் பயன்படுத்தி மூலேன் அவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார். 1943 மே 27 அன்று பாரிஸில் ஃபூர் தெரு 48ஆம் எண் வீட்டில் தேசிய எதிர்ப்பு மன்றம் கூடியது: 8 இயக்கங்கள், 6 கட்சிகள், 2 தொழிற்சங்கங்கள். நாலு வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 21இல் லியோன் அருகே கலுயிர் என்ற இடத்தில் ஒரு மருத்துவர் வீட்டில் லியோன் கெஸ்டபோ தலைவன் கிளாஸ் பார்பியின் ஆட்கள் அவரைப் பிடித்தார்கள். சித்திரவதைக்குப் பிறகு ஜெர்மனிக்குக் கொண்டுபோகும் வழியில் ஜூலை 8 அன்று இறந்தார். யார் காட்டிக்கொடுத்தது என்ற வழக்கில் இயக்கத்துக்காரரான ரெனே ஆர்தியை இரண்டு முறை விசாரித்தும் இரண்டு முறையும் விடுதலை செய்தார்கள்.

இந்த மன்றம்தான் கடைசியில் பெரிய பலனைக் கொடுத்தது என்பேன். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு டி கோல் மீது நம்பிக்கை இல்லை. விடுவிக்கும் பிரான்சை நேச நாட்டு ராணுவ நிர்வாகத்தில் வைக்க நினைத்தார்கள். அதற்கான பிராங்க் நோட்டுகளைக்கூட அமெரிக்காவில் அச்சடித்துவிட்டார்கள். அந்தத் திட்டம் நடக்கவில்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் யார் பொறுப்பேற்பது என்று தலைமறைவிலேயே பட்டியல் தயாராகியிருந்தது. ஜெர்மானியர் வெளியேறிய ஊர்களில் விஷி அதிகாரியை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் இவர்கள் உட்கார்ந்தார்கள். பாரிஸில் ஆகஸ்ட் 10இல் ரயில்வேகாரர்களும் 15இல் போலீஸ்காரர்களும் வேலைநிறுத்தம். 19இல் அந்த வட்டாரப் போராளிகளின் தளபதி ரோல்-தாங்கியின் தலைமையில் எழுச்சி. டி கோல் பக்கம் நின்ற ஜெனரல் லெக்லேர்க்கின் பிரெஞ்சுப் படையின் முதல் வண்டிகள் 24 இரவு நுழைந்தன. அதில் வந்தவர்களில் பலர் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் தோற்ற குடியரசுக்காரர்கள். 25இல் ஜெர்மன் தளபதி சரணடைந்தார். அமெரிக்கா அக்டோபரில் டி கோலின் அரசை அங்கீகரித்தது. உள்ளே இந்த வேலை நடக்காமல் வெளியிலிருந்து படை மட்டும் வந்திருந்தால் நிலைமை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அதே மன்றம் 1944 மார்ச் 15 அன்று ஒரு திட்டத்தையும் ஏற்றது: எல்லாருக்கும் சமூகப் பாதுகாப்பு, முதியோர் ஓய்வூதியம், மின்சாரமும் பெரிய வங்கிகளும் அரசுடைமை, பண முதலைகளின் பிடியில் இல்லாத பத்திரிகை. அடுத்த வேளைச் சோறு எங்கே என்று தெரியாதவர்கள் ஓய்வூதியத்தைப் பற்றி விவாதித்திருக்கிறார்கள். 1945, 46இல் இதில் பெரும்பகுதி சட்டமானது. இன்றைக்கும் பிரான்சில் ஓய்வூதியச் சண்டை வரும்போதெல்லாம் இந்தத் திட்டத்தின் பெயர் அடிபடும்.

வெற்றிக்குப் பிறகு நடந்தது எல்லாம் பெருமைக்குரியது அல்ல. விசாரணையில்லாமல் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 9,000 பேர். ஜெர்மானியரோடு பழகினார்கள் என்று பெண்களின் தலையை மொட்டையடித்து ஊர்வலம் விட்டார்கள். அதைச் செய்தவர்களில் கடைசி வாரத்தில்தான் இயக்கத்தின் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஊதிப் பெருக்கினார்களா என்று கேட்டீர்களே, ஓரளவு உண்மை. நாடே எதிர்த்தது என்ற கதை டி கோலுக்கும் வசதி, கம்யூனிஸ்டுகளுக்கும் வசதி. அதிகாரபூர்வமாகப் போராளி அட்டை கிடைத்தவர்கள் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல், சுமார் 4 கோடி மக்களில். ஆனால் அந்த அட்டைக் கணக்கில், தப்பி வந்த நேச நாட்டு விமானியை ஓர் இரவு கொட்டிலில் படுக்கவைத்த பாட்டி வரமாட்டாள்.

அட்டைக் கணக்கில் அதிகம் விடுபட்டவர்கள் பெண்கள். லூசி ஒப்ராக், கர்ப்பிணியாக இருந்தபடியே 1943 அக்டோபர் 21 அன்று லியோனில் கெஸ்டபோ வண்டியைத் தாக்கிக் கணவரை மீட்ட குழுவை ஒருங்கிணைத்த வரலாற்று ஆசிரியை. எதிர்ப்பு மன்றத்தின் திட்டத்திலோ பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. 1944 ஏப்ரல் 21இல் அல்ஜியர்ஸில் இருந்த டி கோலின் நிர்வாகம் போட்ட ஆணைதான் அதைக் கொடுத்தது. டி கோல் வழங்கிய உயரிய விருதான 'விடுதலைத் தோழர்' பட்டம் 1,038 பேருக்குக் கிடைத்தது; அதில் பெண்கள் 6. ஃபூர்காத் இல்லை, ஒப்ராக்கும் இல்லை. அந்த ஆறு பேரில் ஒருவர் சிமோன் மிஷெல்-லெவி, தபால் தந்தித் துறை ஊழியர். அஞ்சல் வழியாகவே ரகசியத் தகவல் போகும் வலையைப் பின்னியவர். பிடிபட்டு முகாமுக்குப் போன பிறகும், அங்கே தோட்டா செய்யும் தொழிற்சாலையில் இயந்திரத்தைக் கெடுத்தார் என்று 1945 ஏப்ரல் 13 அன்று ஃப்ளோசன்பூர்க்கில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது ஏப்ரல் 23 அன்று. பான்தியோனுக்கு மூலேன் 1964இல் போனார். எதிர்ப்பு இயக்கப் பெண்களான ஜெர்மேன் தியோனுக்கும் டி கோலின் அண்ணன் மகள் ஜெனவியேவ் டி கோலுக்கும் அந்த இடம் கிடைத்தது 2015இல்.